தொட்டதும் போன வியாழக்கிழமை

என் வியாழக்கிழமை காணாமல் போய்விட்டது என்பதை எனக்கு முதலில் சொன்னவர், என் தோட்டத்தைக் குத்தகைக்கு ஓட்டுபவர். நான் இருப்பது நாமக்கல்லில், கணவரின் லாரிப் பட்டறைக்குப் பின்னால் உள்ள வீட்டில். தோட்டம் இருப்பது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், நான் பிறந்த ஊரில். வியாழன் தோறும் காலையில் வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஒரு படம் எடுத்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுவார். அன்று படம் வரவில்லை. போன் வந்தது.

"ஏனுங்க அம்மிணி, மோட்டாரு எடுக்க மாட்டீங்குதுங்க."

"கரண்ட் இருக்குதுங்களா?"

"மூணு பேஸும் இருக்குதுங்க. பொட்டியிலதான் செவப்பு லைட்டு எரியுது. இன்னைக்கு மொறை உங்களுது இல்லீங்குது."

"யாருங்க அப்படிச் சொல்றது?"

"பொட்டிதானுங்க சொல்லுது."

எனக்குக் கோபம் வந்தது. என் அப்பா கொடுத்த முறையை இல்லை என்று சொல்ல ஒரு தகரப் பெட்டிக்கு என்ன தைரியம்!

"நேரடியாக் கரண்டு குடுத்துப் போடட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. பொட்டி பூட்டியிருக்குது, சாவி எங்க அண்ணங்கிட்ட. ஒடச்சா அது வேற வம்பாயிரும்."

"வெங்காயத்தைப் பாத்தாப் பாவமா இருக்குதுங்க. தாளு நுனியெல்லாம் காஞ்சு வருது. இந்த வாரம் பாயலீன்னா அப்பறம் பாச்சியும் ஒண்ணும் ஆகாதுங்க."

போனை வைத்துவிட்டு எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தேன். அதில் மேலே குத்தி வைத்த லிங்க் ஒன்று இருக்கும். தொட்டால் எங்கள் கிணற்றின் படமும், அதன் கீழே வாரத்தின் ஏழு கிழமைகளும், ஒவ்வொரு கிழமைக்கு நேராக ஒரு பெயரும் வரும். வியாழனுக்கு நேராக என் பெயர் இருக்க வேண்டும். அங்கே வேறு ஒரு பெயர் இருந்தது. வேறு யாருடையதோ என்று ஒரு கணம் குழம்பிவிட்டு, பிறகு அடையாளம் கண்டுகொண்டேன். சுவரில் இன்னும் மாட்டியிருந்த கல்யாணப் பத்திரிகையில் மணமகள் என்று போட்ட இடத்தில் இருந்த பெயர் அது. என் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத புது மருமகள். வியாழன் மட்டும் அல்ல, ஏழு கிழமைகளில் ஐந்துக்கு நேராக அவள் பெயர்தான். நாற்காலி எங்கே இருக்கிறது என்று தேடி உட்கார்ந்தேன்.

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் என் அதிர்ச்சி புரியும்.

அப்பா பாகம் பிரித்தபோது எனக்கு ஒன்றரை ஏக்கர் கொடுத்தார். வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் என்ன செய்வது? அதனால் கிணற்றில் எனக்கு ஒரு நாள் பாத்தியமும் எழுதினார். வியாழக்கிழமை. அண்ணனுக்கு நான்கு நாள், சித்தப்பா மகனுக்கு இரண்டு நாள். பெண்பிள்ளைக்குத் தண்ணீர் எழுதி வைத்த அப்பா எங்கள் சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சிலர் அவரைக் கிண்டல்கூடச் செய்தார்கள். மகள் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறப் போகிறாளா என்று கேட்டார்களாம். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா போன பிறகு முறைத் தண்ணீரில் சண்டை வந்தது. எனக்கும் அவர்களுக்கும் அல்ல, அண்ணனுக்கும் சித்தப்பா மகனுக்கும். சித்தப்பா மகன் போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருக்கிறான். ஆண்டில் பாதி நாள் சத்தீஸ்கரில் போர் ஓட்டிக்கொண்டிருப்பான். இங்கே அவனுடைய முறையில் யார் மோட்டாரைப் போட்டது என்று அவன் அங்கிருந்து கத்துவான், அண்ணன் இங்கிருந்து கத்துவார். பொங்கலுக்குக்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

அப்போதுதான் அண்ணன் மகன் ஒரு வழி கொண்டு வந்தான். பெங்களூரில் பிளாக்செயின் வேலை செய்யும் கம்பெனியில் இருக்கிறான். அண்ணன் வீட்டு ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினான்.

"கணக்கு ஒருத்தர் கையில இருந்தாத்தானுங்க சண்டை. இது ஆயிரம் எடத்துல ஒரே நேரத்துல எழுதி வெக்கற மாதிரி. எவனும் அழிக்க முடியாது, மாத்த முடியாது. ஒவ்வொரு கெழமையும் ஒரு டோக்கன். டோக்கன் யாருகிட்ட இருக்குதோ அவிங்க தொட்டாத்தான் மோட்டாரு எடுக்கும்."

இந்தப் பக்கத்தில் மோட்டாருக்கு சிம் கார்டு போட்ட பெட்டி மாட்டி, வீட்டிலிருந்தே போனில் போடுவதும் நிறுத்துவதும் ஏற்கனவே பழகிய விஷயம். அதனால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. ஆனால் முதலில் அவன் கொண்டு வந்த ஏற்பாடு படுத்தி எடுத்துவிட்டது. தனி ஆப்பாம், வாலட்டாம், மறக்கவே கூடாத பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாம். சித்தப்பா மகனின் மனைவி, "எனக்கு எங்க ஊட்டு ரேசன் கார்டு நெம்பரே தெரியாது தம்பி" என்று எழுந்து போய்விட்டாள். அவன் விடவில்லை. அடுத்த முறை வந்தபோது எல்லாவற்றையும் ஒரு லிங்க்கில் அடக்கியிருந்தான். வாலட் எங்கோ உள்ளே இருக்குமாம், நாம் பார்க்கவே வேண்டாமாம். வாட்ஸ்ஆப்பில் லிங்க் வரும். தொட்டால் கிணறு வரும். கீழே பச்சைப் பட்டன். பட்டனில் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறையை இன்னொருவருக்கு அனுப்ப "தாட்டி உடு" என்றும், வருவதைப் பெற்றுக்கொள்ள "வாங்கிக்கோங்க" என்றும் எங்கள் பேச்சிலேயே போட்டிருந்தான்.

முதல் வியாழன் நான் பல் டாக்டரிடம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய முறையை ஒரு நாளுக்கு மட்டும் குத்தகைக்காரருக்குத் தாட்டி விட்டேன்; அதற்குப் பிறகு வாராவாரம் தானாகவே அவருக்குப் போகும்படி அண்ணன் மகன் வைத்துக் கொடுத்தான். அவர் அங்கே தொட்டார். டாக்டர் என்னை உள்ளே கூப்பிடுவதற்குள் தண்ணீர் ஓடும் படம் என் போனுக்கு வந்துவிட்டது. நான் அதிர்ந்துதான் போனேன். அது நல்ல அதிர்ச்சி. எங்கோ மண் புழுதியில் ரிக்கின் மேல் நின்றுகொண்டு சித்தப்பா மகன் இங்கே தன் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டினான். அந்தப் பொங்கலுக்கு அண்ணனும் அவனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு லிங்க் இவ்வளவு செய்யுமா என்று என் கணவரிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டறையில் வேலை செய்பவர்களுக்குக்கூட அந்தக் கதை தெரியும்.

பிறகு அந்த அண்ணன் மகனுக்கே கல்யாணம் நிச்சயமானது. பெண் இளம்பிள்ளைப் பக்கம். தோட்டம் உள்ள குடும்பம். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்தவள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது குழுவில் அண்ணன் ஒரு லிங்க் போட்டார். தொட்டவுடன் பிள்ளையார் படம், மேளதாளம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வந்தன. அதன் கீழே, "கல்யாணத்தை முன்னிட்டுத் தண்ணீர் முறைகளை ஒன்று சேர்க்கிறோம்" என்று ஒரு வரி. கீழே "சம்மதமுங்க" என்று பச்சைப் பட்டன்.

நான் என்ன நினைத்தேன்? தோட்டத்திலேயே பந்தல், தோட்டத்திலேயே சமையல், ஊரே வந்து கை கழுவப் போகிறது. நாலு நாளைக்கு எல்லோருடைய முறையையும் கல்யாண வீட்டுக்கு விடச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். எங்கள் குழுவில் இன்னொரு வழக்கமும் உண்டு. பெரியவர்கள் எதைப் போட்டாலும் முதலில் கைகூப்பிவிட வேண்டும், படிப்பதெல்லாம் அப்புறம். தாமதித்தால், "ஏன், நாமக்கல்லுக்காரிக்குப் புடிக்கலையாமா?" என்று பேச்சு வரும். அதுவும் இது அண்ணன் வீட்டுக் கல்யாணம். நான் கிரைண்டரில் மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. சுண்டுவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது. அதால் தொட்டேன். திரையில் பூ கொட்டியது. போனை ஓரமாக வைத்துவிட்டு மாவை அள்ளி முடித்தேன்.

கல்யாணம் பிரமாதமாக நடந்தது. மேடையில் என்னைக் கூப்பிட்டுப் பட்டுப் புடவையும் ஒரு சங்கிலியும் வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அத்தைக்குச் சீர் உண்டுதான், ஆனால் சங்கிலி வரைக்கும் எதற்கு என்று. அண்ணனுக்குத் தங்கை மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன்.

இதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றன் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அந்தப் பழைய லிங்க்கைத் தேடி எடுத்துத் திரும்பத் தொட்டேன். பத்திரிகைக்குக் கீழே, பட்டனுக்கும் மேலே, "மேலும்" என்று சின்னதாக ஒரு சொல் இருந்தது. அதைத் தொட்டேன். "கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் நடைமுறைக்கு வரும் இந்த மாற்றம் நிரந்தரமானது. பெற்றவர் மனம் வைத்தாலன்றித் திரும்பாது" என்று விரிந்தது. எவ்வளவு நல்ல தமிழ்! நான் அதைத் தொடாமலே சம்மதம் சொல்லியிருந்தேன்.

பெங்களூரில் இருந்த மருமகனைக் கூப்பிட்டேன். கல்யாண லீவு முடிந்து வேலைக்குப் போயிருந்தான், அங்கே வீடு பார்க்கும் வரை மனைவியை ஊரில் விட்டிருந்தான்.

"ஏன்டா சாமி, என்ற வியாழக்கிழமை உன்ற பொண்டாட்டி பேர்ல இருக்குது?"

"அத்தைங்க, நீங்கதானுங்க சம்மதம் குடுத்தீங்க."

"கல்யாணத்துக்குத் தண்ணி கேக்கறாங்கன்னு குடுத்தன்டா."

"அப்பா உங்ககிட்டப் பேசிட்டன்னு சொன்னாருங்க. எல்லாந் தெரிஞ்சுதான் தொட்டீங்கன்னு நெனச்சனுங்க."

"சரி, இப்பத் தெரியாமத் தொட்டுட்டன். மாத்திக் குடு."

"என்னால முடியாதுங்கத்தை."

"நீதானடா செஞ்ச?"

"நாந்தான் செஞ்சனுங்க. அதுக்காவ என்னால மாத்த முடிஞ்சா அப்பறம் எல்லாராலயும் மாத்த முடியுமுங்களே. யாருகிட்ட இருக்குதோ அவிங்கதான் திருப்பித் தாட்டோணும்."

அவன் பொய் சொல்லவில்லை. அழிக்க முடியாது, மாற்ற முடியாது என்று அவன் ஹாலில் உட்கார வைத்துச் சொன்னபோது தலையாட்டியவளும் நான்தான். அப்போது அது மற்றவர்களுக்கான பூட்டு என்று நினைத்திருந்தேன்.

அப்படியே பஸ் ஏறினேன். திருச்செங்கோட்டில் இறங்கி டவுன் பஸ் மாறும்போது ரிக் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன, வெயில் மலை மேல் கொளுத்திக்கொண்டிருந்தது. வழியெல்லாம் அண்ணனிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். மழுப்புவார், சத்தம் போடுவார், அண்ணியைக் கைகாட்டுவார். எதற்கும் தயாராக இருந்தேன். அவர் சொன்னதற்கு மட்டும் தயாராக இல்லை.

அண்ணன் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கற? சாப்ட்டயா?"

"என்ற வியாழக்கிழமை எங்கீங்ணா?"

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்தார்.

"அதான் கல்யாணத்துக்கு முந்தியே எழுதிக் குடுத்துட்டயே."

"நான் எங்கீங்ணா எழுதிக் குடுத்தன்?"

"லிங்க்கைத் தொட்டயில்ல? அல்லாருக்கும் மொத நீதானே தொட்ட. எனக்கு மனசு எப்படிக் குளுந்து போச்சு தெரியுமா? ஒரு பேச்சு, ஒரு கேள்வி இல்லாமக் குடுத்துட்டா பாருன்னு உங்க அண்ணிகிட்டச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏமாற்றியவனிடம் சண்டை போடலாம். இவர் என்னை ஏமாற்றியதாகவே நினைக்கவில்லை. என்னுடைய பெருந்தன்மையை நினைத்து உருகிக்கொண்டிருந்தார்.

"மேடையில பட்டும் சங்கிலியும் வெச்சமே, அது எதுக்குன்னு நெனச்ச?" என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த பெண்கள் சொத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். அண்ணன் தம்பிகள் கார் வைத்து அழைத்துப் போவார்கள். பத்திர ஆபீஸ் வாசலில் டீ வாங்கிக் கொடுப்பார்கள். எதற்கு, என்ன என்று கேட்காமல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, பெருவிரலில் மை தடவிக்கொண்டு, மத்தியானம் விருந்து சாப்பிட்டு, புடவையும் பையில் கொஞ்சம் நகையுமாக வீடு திரும்புவார்கள். அப்படித் திரும்பிய என் அத்தைமார்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி முகத்திலும் வருத்தம் தெரிந்ததில்லை. என்னை அந்த வாசலில் நிறுத்தக் கூடாது என்றுதான் அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்துவிட்டுப் போனார். நானோ பத்திர ஆபீஸ் வாசல்படி மிதிக்காமல், காரில் ஏறாமல், ஒரு டீகூடக் குடிக்காமல், கிரைண்டர் பக்கத்தில் நின்றபடியே விடுதலை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பத்திர ஆபீஸில் ஒரு குமாஸ்தாவாவது, "சம்மதந்தானுங்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

"பத்திரத்துல என்ற பாத்தியம் எழுதியிருக்குதுங்ணா."

"எழுதியிருக்கட்டும். நெலம் உன்றதுதான், யாரு இல்லீன்னா? தண்ணி உனக்கு இல்லாமயா? வேணுங்கறப்பச் சொல்லு, உடறம்."

வேண்டும்போது கேட்டால் விடுவார்களாம். இந்தப் பேச்சுதான் எனக்குச் சுட்டது. கோர்ட்டுக்குப் போனால் பத்திரம் என் பக்கம் பேசும். அதுவரை வெங்காயம் காத்திருக்குமா? பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் மோட்டாருக்குப் படித்துக் காட்ட முடியுமா?

"கேக்கற எடத்துல என்னை உட்டுட்டுப் போகலீங்ணா அப்பா. திருப்பிக் குடுங்க."

"என்ற கையில இருந்தாத்தானே குடுக்கறது? அது மருமவப் புள்ளை பேர்ல இருக்குது. கெணத்துத் தண்ணில நம்ம ஊட்டுப் பங்கு முழுசா நம்ம கையில இருக்குதான்னு பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்டாங்க. புள்ளை பேருக்கே மாத்திக் காட்டுனம், அவிங்களுக்குத் திருப்தி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வந்து நாலு நாள் ஆகாத புள்ளை. அதுகிட்டப் போயி இதையெல்லாங் கேட்டு என்ற மானத்தை வாங்கிப்போடாத சாமி."

நான் வீட்டுக்குள் போனேன். பின்னால் அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

அந்தப் பெண் மாடி அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்தே வேலை. என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். மாமனாரின் தங்கை என்பதால் என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள்.

"வாங்க சின்னம்மா. தண்ணி குடிக்கறீங்களா?"

அந்த நேரத்தில் அந்தக் கேள்வி எனக்குச் சிரிப்பையும் அழுகையையும் சேர்த்துக் கொண்டு வந்தது. உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா எழுதிக் கொடுத்தது, லிங்க் வந்தது, மாவுக் கையோடு தொட்டது, காலையில் பெட்டி சிவப்பு லைட் காட்டியது. முடித்ததும் அவள் போனை எடுத்துக் கிணற்றைத் திறந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது அத்தனையும் இந்த ஊட்டுத் தண்ணின்னுதானுங்க என்கிட்டச் சொன்னாங்க. உங்களுது ஒண்ணு இதுல இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

கெஞ்சவும் வாய் வரவில்லை, அதட்டவும் உரிமை இல்லை. அவள் மாமனாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம், கணவனைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். புதிதாக வாழ வந்தவள் அப்படிச் சொன்னால் யார் தப்பு சொல்ல முடியும்? அவள் எதையும் சொல்லவில்லை. நின்றபடியே விரலை நகர்த்தினாள். என் கையில் இருந்த போன் அதிர்ந்தது.

"'மேலும்'ங்கறதைத் தொட்டு முழுசாப் படிச்சுப் பாத்துட்டு அப்பறம் தொடுங்க சின்னம்மா," என்றாள்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். வியாழக்கிழமை. நிரந்தரம். பெறுபவர் பெயர் என்னுடையது. "வாங்கிக்கோங்க" என்ற பட்டனைத் தொட்டேன். கிணற்றின் படத்தில் வியாழனுக்கு நேராக என் பெயர் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்தே அன்றைய முறையைக் குத்தகைக்காரருக்குத் தாட்டி விட்டேன். கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து ஓட, பக்கத்தில் அவருடைய மண்வெட்டி கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். அழுதுகொண்டே படத்தை அவளிடம் காட்டினேன்.

அவள் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். திருப்பித் தர மறந்துவிட்டாளோ என்று நான் நினைக்கும் அளவுக்குப் பார்த்தாள்.

"எங்கப்பா ஊட்டு மோட்டாருக்கும் இந்தப் பொட்டிதானுங்க," என்றாள். "நிச்சயம் முடிஞ்சதும் அவிங்களே பெங்களூருல இருந்து வந்து மாட்டிக் குடுத்தாங்க. எங்கப்பாவும் அண்ணனும் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டு இருந்தாங்க."

"ம்."

"எனக்கும் ஒரு நாள் எழுதி வெச்சிருந்தாருங்க எங்கப்பா. கல்யாணத்துக்கு மொத நாளு லிங்க் வந்துச்சு. ரெண்டு கையிலயும் மருதாணி. தொட முடியலீங்க. எங்கண்ணந்தான் என்ற விரலப் புடிச்சுத் தொட வெச்சாரு. பூவாக் கொட்டுச்சு. அல்லாரும் கைதட்டுனாங்க. நானும் சிரிச்சன்."

காலையிலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாக அதிர்ச்சி, இனி என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். மேடையில் மஞ்சளும் பூவுமாக நின்ற அவளுக்கு நான் விபூதி வைத்துவிட்டேன். அவளும் அப்போது என்னைப் போலத்தான் நின்றிருக்கிறாள். எங்கள் கிணற்றிலிருந்து என் முறையைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவளுடையதைப் பிடுங்கி அவள் அண்ணனுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பட்டன், ஒரே பூ.

"திருப்பிக் கேட்டயா சாமி?"

"கேக்கலாம்னே எனக்குத் தெரியாதுங்க. நீங்க இப்ப வந்து கேட்டீங்களே, அப்பத்தான் தெரிஞ்சுது."

கீழே அண்ணன் யாருடனோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவள் கையில் இன்னும் என் போன் இருந்தது. படத்தில் தண்ணீர் வெங்காயப் பாத்திக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"உன்னுது என்ன கெழமை சாமி?" என்று கேட்டேன்.

"செவ்வாக்கெழமைங்க," என்றாள்.